ஓனர் வந்தால் எழுந்து நிற்கிறவர்

8 ஜூலை 2024, திங்கள்

பெங்களூரில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்கு வருஷா வருஷம் கிடைக்கிற ஒரே சன்மானம் இந்த டைரி. ஏதோ ஒரு பற்பசைக் கம்பெனி கொடுப்பது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பல்லைப் பற்றி ஓர் அறிவுரை. பாதி வருஷம் அலமாரியில் கிடந்தது. இன்றைக்கு யாரிடமாவது கத்த வேண்டும் போல இருக்கிறது, கத்த ஆளில்லை, எடுத்துவிட்டேன்.

சாயந்திரம் ட்ரெயின் வழக்கம்போல பங்காருபேட்டையில் படுத்துக்கொண்டது. ஊரிகத்தில் இறங்கி, தூறலில் நனைந்து வீடு வந்தால் அப்பா முகமெல்லாம் சிரிப்பு. "ஓனர் சார் வந்திருந்தாரு ஐடாம்மா. வீட்ட நல்லா சுத்திக் காட்டினேன்" என்கிறார்.

ஓனர் சார் என்றால் ராகேஷ். என்னைவிட வயதில் சின்னவன். எங்களைக் குடிவைத்தது அவன் அம்மா சரோஜம்மா. அவர் கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து, பங்காருபேட்டையில் மகள் வீட்டுக்குப் போன பிறகு இவன்தான் எல்லாம். பின் போர்ஷனில் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான். முன் போர்ஷனில் நாங்கள், அப்பாவும் நானும்.

எங்கெங்கே காட்டினீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாந்தான். சமையல் ரூம், பாத்ரூம், உன் ரூமு. பீரோவ நகத்திக் காட்டினேன், பின்னாடி செவுத்துல ஈரம் கீது பாருங்க சார்னு."

என் ரூமில் கொடி கட்டி உள்துணி காயப்போட்டிருந்தேன். இந்த மழையில் வேறு எங்கே போடுவது? அந்தக் கொடிக்கு அடியில் நின்றுகொண்டுதான் அவன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறான். செல்லில் போட்டோவும் எடுத்தானாம்.

திட்டினேன். அப்பாவுக்கு நான் எதற்குத் திட்டுகிறேன் என்றே புரியவில்லை. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து மைன்ஸ் லைன் வீட்டில் இருந்த காலத்தில் கம்பெனி சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருவார், வந்தால் எழுந்து நின்று எல்லாக் கதவையும் திறந்துவிட வேண்டும். சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். "வீடு அவங்களுது, நாம இருக்கறவங்கதானே" என்கிறார். மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. லைன் வீட்டுக் கூரை மழையில் விழுந்து நாங்கள் இங்கே வாடகைக்கு வந்தும் காலமாகிறது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இன்னும் எழுந்து நிற்கிறார் மனுஷன்.

போட்டோ எதற்கு?

9 ஜூலை

போட்டோ எதற்கு என்றே யோசித்துக்கொண்டிருந்து ஒரு பேஷண்டுக்கு ஞாயிற்றுக்கிழமையில் அப்பாயின்ட்மென்ட் கொடுத்துவிட்டேன். டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

காரணம் தெரிந்துவிட்டது.

சர்ச்சில் பூசை முடிந்து வந்து அப்பாவுக்கு மாட்டுக்கறி வறுத்துக்கொண்டிருந்தேன். அவர் பல் செட்டை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். எங்கள் டாக்டர் செய்து கொடுத்த செட். பூசைக்கும் கறிக்கும் மட்டும்தான் போடுவார், மற்ற நாளெல்லாம் அது ஜன்னல் மேல் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். கேட் சத்தம் கேட்டு நானே வெளியே போனேன். ராகேஷ்.

மரியாதையாகத்தான் பேசினான். அதுதான் இன்னும் பயம். முன் போர்ஷனை இடித்து ரெண்டு கடை கட்டப் போகிறானாம். இன்ஜினியருக்கு அனுப்பத்தான் போட்டோவாம். "அக்ரிமெண்ட் முடிஞ்சு போச்சு இல்லக்கா. மாசக் கடைசிக்குள்ள ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றான். வீட்டை விட்டுப் போவதற்குப் பெயர் 'கொஞ்சம்' அட்ஜஸ்ட்.

நான் என்ன சொன்னேன்? தலையை ஆட்டினேன். கையில் கரண்டி, தலை தானாக ஆடுகிறது. சரி என்று எடுத்துக்கொண்டிருப்பான். என்ன ஜென்மம் நான்.

உள்ளே வந்ததும் அப்பா யாரென்று கேட்டார். கேபிள்காரன் என்றேன். சொன்னால் இவர் இன்றைக்கே மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார். மூச்சு வாங்கும். மைன்ஸ் தூசி அவர் நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். மீதிப் பாதியோடு இந்த மனுஷன் வீடு மாற்ற வேண்டுமா?

சொல்ல மாட்டேன்.

18 ஜூலை

வீடு பார்த்தேன். ஒன்று மாடி. அப்பா ஏறவே மாட்டார். இன்னொன்று கீழ்த்தளம், நல்ல வீடு, கொடுக்கிறேன் என்றுதான் சொன்னார்கள். கூட யார் என்றார்கள். அப்பா, மைன்ஸில் இருந்தவர், மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறோம் என்றேன். முகம் மாறிவிட்டது. "ஒட்டிக்கிற வியாதியாம்மா?" தூசி எப்படியம்மா ஒட்டிக்கொள்ளும் என்று கேட்க வேண்டும் என்று ரயில்வே ஸ்டேஷன் வரும்போதுதான் தோன்றியது.

23 ஜூலை, செவ்வாய்

எழுத்து கோணலாகப் போகிறது.

வீட்டுக்குள் நுழைந்தால் ஆக்சிஜன் மெஷின் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் எப்போதும் இருக்கும், அது இல்லாததுதான் முதலில் காதில் விழுந்தது. கரண்ட் இல்லை. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உதடு நிறம் மாறியிருக்கிறது. அவசரத்துக்கு வைத்திருக்கிற சின்ன சிலிண்டரைத் திறந்து மாட்டிவிட்டு வெளியே ஓடினேன். எதிர்வீட்டு மங்கம்மா வீட்டில் டிவி ஓடுகிறது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு. எங்கள் வீடு மட்டும் இருட்டு.

மெயின் ஸ்விட்ச் பின் போர்ஷனுக்குள். அது பூட்டியிருக்கிறது. போன் செய்தால் ராகேஷ், ஃபியூஸ் போயிருக்கும், நாளைக்கு ஆளை அனுப்புகிறேன் என்கிறான். நாளைக்கா? நான் அழுதேன், போனில், அவனிடமே. ஏதோ பெரிய மனது பண்ணுகிற மாதிரி வந்து திறந்து போட்டுவிட்டுப் போனான். ஸ்விட்சை மேலே தள்ளும் 'டக்' சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஃபியூஸ் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தெரியாது. அவன் உள்ளே போனதும் வந்ததும் ஒரே மூச்சில்.

ஃபியூஸ்தானா? நிஜமாகவே ஃபியூஸாக இருந்தால் நான் ஒரு மனுஷனைச் சந்தேகப்படுகிற பாவி. இல்லையென்றால்? இல்லையென்றால் என்று எழுதக்கூடக் கை வரமாட்டேன் என்கிறது.

அப்பா "ஓனர் சாருக்கு டீ போடு" என்கிறார்.

25 ஜூலை, வியாழன்

லதாக்காவிடம் சொல்லிவிட்டேன்.

காலை ட்ரெயினில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் நான் ஜன்னலோரம் பிடித்து வைப்பது இவருக்குத்தான். கோரமண்டலில் ஏறுவார். பெங்களூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் ஜூனியர், ஐம்பது வயதுக்குக் கிட்டே போய்ச் சட்டம் படித்து வக்கீல் ஆனவர். வாய் நீளம். நான் சொல்லி முடிக்கும் வரை மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அக்ரிமெண்ட் முடிஞ்சா மறுநாளே நீ திருடி ஆயிடுவியா? வாடகை வாங்கினுதானே கீறான்? அப்ப நீ வாடகைக்காரிதான்."

வீடு வேண்டுமென்றால் அவன் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தும் நாங்கள் போகாவிட்டால் அவன் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கோர்ட் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை, வீடு அவனுடையது என்று அதையும் கறாராகச் சொன்னார். ஆனால் நடுவில் அவனே லைட்டை நிறுத்துவது, தண்ணீரை அடைப்பது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது, பூட்டுப் போடுவது, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருவது, இதெல்லாம் ஆகாது. ஓனராக இருந்தாலும் ஆகாது.

"வீடு அவனுது. ஆனா இப்போதைக்குக் கதவு உன்னுது, புரியுதா? சாவிய மட்டும் எவன் கையிலயும் குடுத்துடாத. அத குடுத்தா வீட்டையே ஒப்படைச்ச மாதிரி பேசுவாங்க."

சரிக்கா, சரிக்கா என்று கே.ஆர்.புரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தது. சாயந்திரம் கேட்டைத் திறக்கும்போது அந்தத் தெம்பு எங்கே போனதோ.

சாவி இரண்டு. ஒன்று என் பையில், இன்னொன்று அப்பாவிடம். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டுமா? சாவியைப் பற்றிச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

வேண்டாம். அவர் எங்கே போகப் போகிறார், வீட்டில்தானே இருக்கிறார்.

31 ஜூலை

மாசக் கடைசி. ராகேஷ் வரவில்லை. வாடகை அனுப்பினேன், வாங்கிக்கொண்டான். வாங்கியதால் நல்லதா, வராததால் கெட்டதா? மெஷினின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

2 ஆகஸ்ட்

கிளினிக்கில் போன் அடித்தாலே வீட்டிலிருந்தோ என்று பாய்கிறேன். எடுத்தால் யாரோ கடைவாய்ப் பல்லுக்கு அழுகிறார்கள்.

6 ஆகஸ்ட், செவ்வாய் — ஆஸ்பத்திரி

வெயிட்டிங் ஹால் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மத்தியானம் மங்கம்மாதான் போன் செய்தது. அப்பாவுக்கு இழுப்பு அதிகமாகி, ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்துவிட்டதாம். மகராசி. கிடைத்த ட்ரெயினில் நின்றுகொண்டே வந்தேன். வழியெல்லாம் அருள் நிறைந்த மரியே சொன்னேன், பாதியில் எத்தனையாவது என்று மறந்து மறுபடி முதலிலிருந்து.

வந்து பார்த்தால் முகத்தில் மாஸ்க், நெஞ்சு மேலும் கீழும் போகிறது, ஆனால் கண் தெளிவு. ஆபத்தில்லை, ரெண்டு நாள் வைத்துப் பார்க்கிறோம் என்றார் டாக்டர். வீட்டில் மெஷின் இருக்கிறதல்லவா, இருந்தால் சீக்கிரமே அனுப்பிவிடலாம் என்றார். இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாஸ்க்கை விலக்கி அப்பா பேசினார். பல் இல்லாத வாயில் பேச்சு குழறுகிறது. செட் எங்கே என்றேன். ஜன்னல் மேல் டம்ளரிலேயே விட்டுவிட்டாராம். போய் எடுத்துவருகிறேன், உங்கள் துணியையும் எடுக்க வேண்டும் என்று பையைத் துழாவினால் என் சாவி இல்லை. காலையில் அவசரத்தில் கிளினிக் மேஜை டிராயரில் போட்டது ஞாபகம் வந்தது. உங்கள் சாவியைக் கொடுங்கள் என்றேன்.

"ஓனர் சார் கிட்ட குடுத்துட்டேன்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

ஆட்டோ ஏறும்போது ராகேஷ் பின் போர்ஷனில் ஏதோ எடுத்துக்கொண்டிருந்தானாம். இவரே கூப்பிட்டு, கதவைப் பூட்டி, சாவியை அவன் கையில் வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். ஏம்ப்பா இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்.

"லைன்ல ஆஸ்பத்திரிக்குப் போனா மேஸ்திரி கிட்ட சாவியக் குடுத்துட்டுத்தாம்மா போவோம். வந்து வாங்கிக்குவோம். எவனும் வீட்ட எடுத்துக்கல."

ஒழுங்காக ஒரு வேலையைச் செய்துவிட்ட திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்.

7 ஆகஸ்ட், புதன்

விடிந்ததும் ஓடினேன். எங்கள் பூட்டு இல்லை. புதுப் பூட்டு. எண்ணெய்ப் பிசுக்குக்கூடப் போகாத பெரிய பூட்டு.

ராகேஷுக்குப் போன் போட்டேன். தூக்கம் கலையாத குரல். "அங்கிளே சாவிய கையில குடுத்துட்டாரேக்கா. காலி பண்ணிட்டீங்கன்னுதானே நினைச்சேன். சாமான் இருந்தா ஒரு நாள் சொல்லுங்க, தொறந்து வுடறேன், எடுத்துக்கோங்க."

ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மெஷின் உள்ளே இருக்கிறது, அது இல்லாமல் அவர் மூச்சு விட முடியாது என்றேன். சொன்னேனா, கெஞ்சினேனா? கெஞ்சினேன். "மெஷின எடுத்துட்டுப் போங்கக்கா, யாரு வேணான்னா?" என்றான். எங்கே எடுத்துக்கொண்டு போவது? ஊரிகம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வைத்துச் சொருகவா?

மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். கொடியில் என் சுடிதார். அடுப்பு மேல் நேற்றைய சோற்றுப் பானை. மாதா படத்துக்குக் கீழே சின்ன கரண்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. எல்லாம் அப்படியே இருக்கிறது, நான் மட்டும் வெளியே நிற்கிறேன். என் வீட்டை நானே திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன்.

கல்லை எடுத்துப் பூட்டை உடைத்துவிடலாமா என்று ஒரு கணம். கல்லைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்புறம் பயம், அவன் போலீஸில் சொன்னால்? நான்தானே திருடி ஆவேன்? கல்லைக் கீழே போட்டுவிட்டு லதாக்காவுக்குப் போன் செய்தேன். நல்லவேளை உடைக்கலை, ஒன்னும் தொடாதே, நாளைக்கு நான் லீவு போட்டுட்டு வர்றேன் என்றார். சாவியை அப்பாவே கொடுத்ததைச் சொன்னதும், அதைத்தானே குடுக்காதன்னு சொன்னேன் என்றார்.

அப்பாவிடம் துணி கொண்டுவரவில்லை, மறந்துவிட்டேன் என்றேன். பொய் மேல் பொய்.

டாக்டர் நாளை மறுநாள் அனுப்பிவிடலாம் என்கிறார். எங்கே?

8 ஆகஸ்ட், வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

லதாக்கா கன்னடத்தில் புகார் எழுதிக் கொண்டுவந்திருந்தார். போலீஸ் ஸ்டேஷன் படியில் அவருக்குப் பின்னாலேயே ஏறினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் ஸ்டேஷனுக்குப் போனதில்லை. உள்ளே எஸ்.ஐ. ஒரு அம்மா, சின்ன வயது, படபடவென்று பேசுகிறவர். படித்துப் பார்த்துவிட்டு, வீட்டுச் சண்டையெல்லாம் கோர்ட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றார். வீட்டுச் சண்டை கோர்ட்டுக்குப் போகட்டும் மேடம், ஆனால் நோயாளியின் மெஷினை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்றார் லதாக்கா. எஸ்.ஐ. ராகேஷை வரச் சொன்னார்.

வந்தான். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். நான் நின்றுகொண்டிருந்தேன், நானும் என் அப்பா மகள்தானே. "நான் பூட்ட உடைக்கல மேடம், யாரையும் தள்ளல. அந்தப் பெரியவரே கூப்பிட்டு என் கையில சாவி குடுத்தாரு. எதுர்வீட்டுக்காரங்க பாத்தாங்க" என்றான்.

அதுதான் கொடுமை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். கொடுத்தது உண்மையா? தலை ஆட ஆரம்பித்தது, வழக்கம்போல. லதாக்காவைப் பார்த்தேன். அவர் எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. வந்தது இதுதான்:

"எங்கப்பாவோட பல்லு உள்ள இருக்கு மேடம்."

என்ன என்றார் எஸ்.ஐ. லதாக்காகூடத் திரும்பிப் பார்த்தார்.

"பல் செட்டு. ஜன்னல் மேல டம்ளர்ல கீது. ரெண்டு நாளா பல்லில்லாம கஞ்சி குடிக்கறாரு. வீட்ட காலி பண்ணினு போறவரு பல்ல வெச்சுட்டுப் போவாரா? சோறு அடுப்பு மேல கீது. மாதாவுக்கு வெளக்கு எரியுது. மூச்சு வுடற மெஷின் கீது. இத்தினியும் வுட்டுட்டு யாராச்சும் காலி பண்ணுவாங்களா? பாத்துக்கங்கன்னுதான் குடுத்தாரு. எடுத்துக்கங்கன்னு குடுக்கல."

இவ்வளவும் நான்தான் பேசினேன்.

எஸ்.ஐ. அவன் பக்கம் திரும்பி, பூட்டு மாற்றும்போது உள்ளே போனாயா, டம்ளரைப் பார்த்தாயா என்று கன்னடத்தில் கேட்டார். அவன் செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் பூட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு எஸ்.ஐ. அவனிடம் பேசிய கன்னடத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அந்த ஜன்னல் மேல் டம்ளரில் இருக்கும் பல்லையும் உன் அம்மாவின் பல்லையும் ஒன்றாக நினைத்துப் பார் என்றது மட்டும் புரிந்தது. சரோஜம்மாவும் செட் போடுகிறவர்தான்.

எனக்கும் சொன்னார். வீடு அவருடையது, நாளைக்கே முறையாக நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும், ஸ்டேஷன் பக்கம் வந்து அழக்கூடாது என்று. சரி மேடம் என்றேன். இந்தத் தலையாட்டலில் எனக்கு வெட்கமில்லை.

பழைய பூட்டு, பழைய சாவி, இரண்டையும் ஸ்டேஷன் மேஜை மேல் வைத்தான். சாவி சூடாக இருந்தது. பாக்கெட்டிலேயே வைத்திருந்திருக்கிறான்.

9 ஆகஸ்ட், வெள்ளி

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மெஷின் ஓடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தரையில் படுத்துவிட்டேன், சமைக்கக்கூட இல்லை. மங்கம்மா களியும் கொள்ளுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தது.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கேபிள்காரன் பொய்யிலிருந்து ஸ்டேஷன் வரை.

அப்பா மூச்சை வேகமாக இழுத்தார். பயந்துவிட்டார் என்று நினைத்து ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை விரலில் மாட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கோபம். அந்தக் கோபத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"மைன்ஸுக்குள்ள கேஜ்ல எறக்கறதுக்கு முன்னாடி சொல்லுவாங்கம்மா, எந்த லெவல்ல கல்லு சத்தம் போடுது, வுழுமோன்னு. சொல்லாம ஆள எறக்க மாட்டாங்க. நீ எனக்குச் சொல்லாம எறக்கிட்டியே."

அப்புறம் அவரே, டம்ளரைக் கொண்டா என்றார். பல்லை மாட்டிக்கொண்டு, அந்த சட்டம் இன்னா சொல்லுது, மறுபடி சொல்லு என்றார். லதாக்கா ட்ரெயினில் சொன்னதையெல்லாம் சொன்னேன். சொல்லாமல் உள்ளே வரக்கூடாது என்கிற இடத்தில் நிறுத்தி, ஓனரே ஆனாலுமா என்றார். ஓனரே ஆனாலும் என்றேன்.

"கம்பெனி காலத்துல இது இல்லியே" என்றார்.

8 செப்டம்பர், ஞாயிறு

மாதா பிறந்தநாள். தேர் பார்க்க அப்பாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ராகேஷ் பைக்கில் போனான். எங்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி போனான். நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். இந்தப் பயம் எப்போது போகும்? ஸ்டேஷனில் ஜெயித்தால் போய்விடும் என்று நினைத்தேனே. போகவில்லை. ஸ்விட்ச் இன்னும் அவன் பக்கச் சுவரில்தான் இருக்கிறது.

23 செப்டம்பர்

நோட்டீஸ் வந்துவிட்டது. ரிஜிஸ்டர் தபால். கவரை வாசலிலேயே பிரித்துப் படித்தேன். ட்ரெயினில் லதாக்கா படித்துவிட்டு, "இதாண்டி முறை. இத அவன் ஜூலைலயே பண்ணியிருந்தா நானே உனக்கு வீடு பாத்துக் குடுத்திருப்பேன்" என்றார். பதிலும் எழுதிக் கொடுத்தார்: நோயாளி இருக்கிறார், கீழ்த்தளம் கிடைக்கும் வரை அவகாசம் வேண்டும், அதுவரை லைட்டும் தண்ணீரும் நிற்கக் கூடாது.

5 அக்டோபர்

மார்ச் வரை சரி என்று எழுத்தில் கொடுத்துவிட்டான். சரோஜம்மா பேசியிருப்பார் என்று மங்கம்மா சொல்கிறது. பேசினாரோ இல்லையோ, மெயின் ஸ்விட்ச் இருக்கும் இடத்துக்கு ஒரு சாவி எங்களிடமும் இருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டான். கோரமண்டலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கீழ்த்தள வீடு ஜனவரியில் காலியாகிறதாம். வியாதியைப் பற்றிக் கேட்டார்கள். தூசி ஒட்டாது என்று அப்போதே, அங்கேயே சொல்லிவிட்டேன்.

அப்பா வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாதா உத்தரியக் கயிற்றோடு கோத்துக்கொண்டிருக்கிறார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. துருப் பிடிக்கும் என்றால் கேட்கிறாரா?

19 அக்டோபர், சனி

கிளினிக் அரை நாள். சீக்கிரம் வந்துவிட்டேன். தெருமுனை திரும்பும்போதே எங்கள் கேட் திறந்திருப்பது தெரிந்தது. ராகேஷின் பைக். கூட டேப்போடு ஓர் ஆள், இன்ஜினியராக இருக்கும். நான் கேட்டுக்கு வெளியிலேயே மங்கம்மாவின் முருங்கை மரத்தடியில் நின்றுவிட்டேன். போக வேண்டும், கால் வரவில்லை.

ராகேஷ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினான். கதவு பாதி திறந்துதான் இருந்தது. உள்ளே நாற்காலியில் அப்பா. மெஷின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. இப்போது எழுந்துவிடுவார், கையைத் தொங்கப்போட்டு நிற்பார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எழுந்திருக்கவில்லை.

பல் செட் போட்டிருந்தார், சனிக்கிழமையில். பேச்சு தெளிவாக இருந்தது. "ஐடா வேலைக்குப் போயிருக்கா. அளக்கணும்னா அவ இருக்கறப்ப வாங்க தம்பி, முன்னாடி போன் பண்ணிட்டு வாங்க."

தம்பி. சார் இல்லை.

ராகேஷ் டேப்காரனைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான். என்னைப் பார்த்துவிட்டான். ஓடவும் முடியாது. "ஞாயித்துக்கெழமை வரலாமாக்கா?" என்று கேட்டான். பூசை முடிந்து வாருங்கள் என்றேன். குரல் கொஞ்சம்தான் நடுங்கியது.

பைக் போகும் வரை பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது, என் பையில் சாவியும் இருந்தது. என்னமோ, தட்டினேன்.

"யாரது?" என்றார் அப்பா.

"நாந்தாம்பா. உள்ள வரலாமா?"

"இரு" என்றார். உடனே வா என்று சொல்லவில்லை. சாவகாசமாக ஒரு மூச்சு இழுத்து விட்டுவிட்டு, அப்புறம்தான் வரச் சொன்னார்.